மிச்சமிருந்த சிவப்புக் கோடுகள்

காலை 10.40. மூன்றாம் மாடி பால்கனி இடிந்து விழுந்தது. கிரில்லுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்ணும் அதோடு கீழே விழுந்தாள். பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. அதே கட்டடத்தில் வேலை பார்த்த அவள் கணவர், இடிபாட்டின் ஓரத்தை விட்டு நகர மறுத்து உட்கார்ந்திருந்தார்.

பால்கனியைத் தாங்குவது, கான்கிரீட்டுக்குள் மேல்புறமாக ஓடும் கம்பிகள். உடைந்த இடத்தில் ஒரு கம்பிகூட இல்லை.

"கட்டடப் படத்துலயே கம்பி இல்ல மேடம். இருந்தாத்தானே போடுவோம்?" என்றான் சூப்பர்வைசர். தரையைப் பார்த்தே பேசினான்.

"பிரிண்ட் எங்க?"

"இடிபாட்டுல போயிடுச்சு."

பிற்பகலில் அவனையும் அழைத்துக்கொண்டு, படம் வரைந்த அலுவலகத்துக்குப் போனார். வரைந்தவர் அவனுடைய அண்ணன். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் என்று வாசலிலேயே ஒருவர் சொன்னார். தம்பியை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார் இன்ஸ்பெக்டர்.

கேட்கும் முன்பே அண்ணன் எழுந்து நின்றார். "தப்பு என்னுதுதான் மேடம்."

திரையில் படம். கம்பிகள் சிவப்புக் கோடுகளாக ஓடின. பால்கனி மட்டும் வெறிச்சென்று இருந்தது.

"எப்படி அழிஞ்சுது?"

"பழைய கோடு கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. லேயர் மாறிப்போச்சு. மேல்கம்பி லேயரைப் பிடிச்சு அழிச்சுட்டேன்."

"லேயர்னா?"

"கண்ணாடித் தாள் மாதிரி. சுவர் ஒரு தாள்ல, கதவு ஒண்ணுல, மேல்கம்பி இன்னொண்ணுல. ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாக்குறோம்."

"ஒரு நகல் எடுத்து, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு ஒரு சிவப்புக் கோட்டைத் தொட்டு, அதே லேயரில் இருப்பவை அனைத்தையும் தேர்ந்தெடுத்தார். படுக்கையறை, படிக்கட்டு, தண்ணீர்த்தொட்டி என்று படம் முழுக்கச் சிவப்புக் கோடுகள் மினுங்கின. அழித்தார். ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. அவர் முகம் செத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. "லேயரைப் பிடிச்சா மொத்தமும் போகுது. ஆனா உங்க படத்துல பால்கனி கம்பி மட்டும்தான் இல்ல. பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கீங்க. அது கை தவறி நடக்கற காரியமா?"

"இன்னைக்கு இடிஞ்ச பிறகுதான் அழிச்சிருக்கீங்க. தம்பிக்காக. கம்பி போடாம விட்டது அவன்தான்."

அண்ணன் நாற்காலியில் சரிந்தார்.

"மொத்தத்தையும் அழிச்சிருந்தா நான் நம்பியிருப்பேனே. ஏன் அழிக்கல?"

"பால்கனி எல்லாம் போட்டு முடிச்சாச்சு. படிக்கட்டும் தொட்டியும் இன்னும் பாக்கி மேடம். இந்தப் படத்தைப் பாத்துத்தான் போடுவாங்க. அதுல எப்படிக் கை வைக்கறது?"

தம்பி உள்ளே அழைக்கப்பட்டான். சிவப்புக் கோடே இல்லாத திரையையும், சரிந்து கிடந்த அண்ணனையும் கண்டதும் உடைந்தான்.

"கம்பி வந்து சேரல. கான்கிரீட் வண்டி வந்து நின்னுடுச்சு. திருப்பி அனுப்பினா வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"எத்தனை பால்கனி?"

"அது ஒண்ணுதான்."

"என்னைப் பாத்துச் சொல்லுடா," என்றார் அண்ணன்.

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். "அதுக்கு மேல இருக்கறதும்."

இன்ஸ்பெக்டர் போனைப் பாய்ந்து எடுத்தார். "இடிபாடு அள்ளுறதை நிறுத்து. எல்லாரையும் வெளிய கொண்டு வா. செத்துப்போனவ புருஷனையும். வரமாட்டேன்னா தூக்கிட்டு வா!"

மறுமுனையில் கூச்சல், ஓட்டம். பிறகு, "எல்லாரும் வந்தாச்சு மேடம்."

தம்பி குழந்தையைப் போல அண்ணன் கையைத் தேடினான். அண்ணன் பற்றிக்கொண்டார். ஆனால் அணைக்கவில்லை.

"நட. அந்த மனுஷன் முன்னாடி நின்னு நீயே சொல்லு. நான் என்ன பண்ணினேன்னு நானும் சொல்றேன்."