இரண்டு கைகளிலும்

விடிந்ததும் ஜாக்சன் பல் தேய்த்தான். வாசல் விளக்கை அணைத்தான். பால் காய்ச்சினான். பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

அப்போது மனைவி விஜிலாவின் போன் கூவியது. ரத்தத்தில் சர்க்கரை அறுபத்திரண்டு. அம்புக்குறி கீழே.

அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இறக்கும்போது அவளுடைய இரண்டு கைகளிலும் சர்க்கரை அளக்கும் சென்சார் இருந்தது. எது சரியாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை. இடக்கையில் இருந்தது தானாகவே போனுக்கு எண்ணை அனுப்பும். வலக்கையில் இருந்தது போனைக் கையோடு ஒட்டிப் பிடித்தால்தான் காட்டும். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. குளிப்பாட்டிய பெண்கள் அவற்றைப் பிய்க்க வந்தபோது மறித்தவன் ஜாக்சன்தான். கல்யாணப் பட்டு ஜாக்கெட்டின் கைகளுக்குள் அவை அவளோடு போயின.

துறைமுக வேலைக்குக் கிளம்பிய மைத்துனன் கிளைட்டன், வாசலில் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"இன்னுமா கத்துது? அந்த ஆப்ப அழிச்சுத் தொலைங்க மச்சான். எங்கம்மா பயந்து சாவுதா."

"உன் சோலியப் பாத்துட்டுப் போலே."

"அதுல பேட்டரியே செத்துருக்கும்."

"அப்ப கத்துதது யாரு?"

கிளைட்டன் கிக்கரை உதைத்தான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

ஜன்னல் வழியே வந்த உப்பளக் காற்றுக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது; ஈர மண்ணும், அழுகிய ரோஜா மாலையும், ஊசி குத்துமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை, அடுப்பைத் தாண்டி மேசைப் பக்கம் மெல்ல நகர்ந்து நின்றது. அவள் நாற்காலி முனகியது, யாரோ உட்கார்ந்ததுபோல.

ஐம்பத்தைந்து. போன் அலறியது.

ஓடத் தோன்றியது. ஓடவில்லை. வைத்த டம்ளரை மறுபடி எடுத்தான். பால் ஊற்றி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, நாற்காலி முன் வைத்தான்.

"குடி விஜி. எவன் சொன்னாலும் அழிக்க மாட்டேன். குடி."

டம்ளரில் பால் இறங்கியது.

அவன் நின்றுகொண்டே இருந்தான். அம்புக்குறி மேலே திரும்பியது. எழுபது. எண்பத்தொன்று.

போனை நாற்காலியின் வலப்பக்கம் நீட்டினான். வெறும் காற்று. இன்னும் கிட்டே. விரலில் ஈரப் பட்டு உரசியது. அதற்குள் கை இருந்தது.

டிக்.

எண்பத்தொன்று.

உயிரோடிருந்த கடைசி இரவில், விளக்கை அணைக்கும்போது, பாதித் தூக்கத்தில், அவள் கடைசியாகச் சொன்னது:

"ரெண்டையும் கழட்டிராதீய. ஒரே நம்பர் காட்டிச்சுன்னா என்னை எழுப்புங்க."