அதே மூலையில்தான்!

"மாமன்கிட்ட முத்தம் வாங்க ஆள் தயாரா?"

லாரிச் சாவி விரலில் ஆட, வாசலிலேயே சத்தம் போட்டார் மாமா. பிறந்த பாப்பாவைப் பார்க்க இரவு பகல் பாராமல் வண்டி ஓட்டி வந்திருந்தார். அம்மா சிரித்தபடி பாப்பாவை நீட்டினாள்.

பாப்பாவின் அக்கா வாயாடி, மாமாவின் உதட்டைப் பார்த்தாள். (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஏன் என்று போகப் போகத் தெரியும்.) உதட்டு மூலையில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள்! போன பரீட்சையின்போது அவளுக்கும் அதே மாதிரி வந்தது. அப்பாதான் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது.

அந்த முத்தம் பாப்பாவுக்குக் கிடைக்கவே கூடாது. ஆனால் ஆசையாக ஓடி வந்தவரை அம்மா முன்னால் எப்படித் தடுப்பது?

"மாமா, முதல்ல கை கழுவணும்!" என்று அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"உதட்டுல என்ன மாமா?"

"சூட்டுக் கொப்புளம். தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்."

"சூடுன்னா ஒரு தடவை மூக்குல, ஒரு தடவை முதுகுலன்னு வரணுமே? உங்களுக்கு எங்க வரும்?"

மாமா யோசித்தார். "அட, எப்பவும் இதே மூலையிலதான்!"

"ஏன்னா அது வைரஸ். உடம்போட காவல்படை துரத்தினா ஓடிப்போய் நரம்புக்குள்ள படுத்துக்கும். மூச்சுக் காட்டாது. காவல்படையும் ஆளைக் காணோம்னு திரும்பிடும். நீங்க தூங்காம களைச்சுப்போனதும், அதே நரம்பு வழியா அதே மூலைக்கு வந்து நிக்கும்."

"அடப்பாவி! இத்தனை வருஷமா கேக்காம கொள்ளாம எனக்குள்ள குடியிருக்கானா?"

"எனக்குள்ளயும் ஒருத்தன் இருக்கான். நம்மள அவனால பெரிசா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பாப்பாவோட காவல்படை இன்னும் ரொம்பச் சின்னது மாமா. ஒரு முத்தம் போதும், பாப்பா ஆஸ்பத்திரியில கிடக்க வேண்டி வரும்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. "நல்லவேளை சொன்னே. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டு, சும்மா போறதா?"

"முத்தம்தானே கூடாது? ஹார்ன் அடிக்கலாமே!"

உள்ளே பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மாமா அறை வாசலிலேயே நின்று, அடிக்குரலில் "பாம்... பாம்..." என்றார். அழுகை சட்டென்று நின்றது. பாப்பா கண்ணை அகல விழித்தது.

"பாத்தியா, என் வண்டியை அடையாளம் தெரியுது!" என்று மாமா குதித்தார்.

"முத்தம் என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"அவசரமில்லக்கா. பய வளர்ந்து, அவனே ஓடி வந்து எனக்குக் குடுக்கட்டும்."

வாயாடி கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள அடுத்து அவள் முறை.