ஈரக் கை

புத்தகத்தில் பாசி வாடை அடித்தது.

மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி சாயங்காலம். வேலை விட்டு வந்த தேவிகா சேலைகூட மாற்றாமல் மாடி அறைக்கு ஏறி, நாற்காலியில் சாய்ந்து, அந்தப் பழைய காமிக்ஸை ஆசையாக மூக்கருகே கொண்டுபோயிருந்தாள். பழுத்த தாளின் வாசனைக்காகச் சோறு தண்ணீரையும் மறப்பவள் அவள். இது அந்த வாசனை இல்லை. கிணற்று உள்சுவரின் வாடை.

யார் ஈரக் கையோடு தொட்டது? வரிச்சிக்குடியில் அந்த வீட்டுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கையைத் துடைக்காமல் புத்தகத்தைத் தொடக் கூடாது. புருஷன் கலைவாணன்கூட, "உத்தரவு மகாராணி" என்று அவள் முந்தானையிலேயே கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவான். காலையில் நெடுங்காடு போன அவன் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

கறுப்பு வெள்ளைப் பேய்க் கதை அது. தலைமயிர் முகத்தை மூட, கிணற்றிலிருந்து ஒருத்தி ஏறி வருவாள்; வயல் தாண்டி, தெரு தாண்டி, ஒரு வீட்டை நோக்கி நடப்பாள். என்ன கோடு! நீர் சொட்டும் ஒவ்வொரு மயிரையும் ஓவியர் தனித்தனியாக இழுத்திருந்தார். அதைப் பார்க்கவே தேவிகா எத்தனையோ முறை அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். கடைசித் தாள் மட்டும் கிழிந்துபோயிருந்தது. காமிக்ஸ் சேர்ப்பவர்களின் வழக்கப்படி தெரிந்தவர்களிடமெல்லாம் ஜெராக்ஸ் கேட்டுப் பார்த்தாள். யாரிடமும் இல்லை. பொறுக்க முடியாமல் போன வாரம் தானே வரைந்துவிட்டாள். மாதிரிக்கு எங்கே போவது? தன் வீட்டு மாடிப்படி, தன் அறைக் கதவு, முதுகைக் காட்டி உட்கார்ந்து படிக்கிற தான். பேய் வர வழி வேண்டுமே என்று கதவைத் திறந்தே வரைந்தாள். பிறகு ஊசி நூலெடுத்து அந்தத் தாளைப் புத்தகத்தோடு தைத்தும் விட்டாள்.

முதல் பக்கத்தைப் புரட்டினாள். கிணறு இருந்தது. கிணற்றுக்காரி இல்லை.

வயல் பக்கம். வெறும் வரப்பு. தெருப் பக்கம். வெறும் தெரு.

கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கைத் தடவிப் போட்டாள். கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டது. அதே நேரம் போன் அடித்தது. கலைவாணன்.

"கரண்ட் போச்சா தேவி?"

"வந்துட்டீங்களா? கேட்டு சத்தம் கேட்டுச்சே."

"நான் இன்னும் நெடுங்காட்டுலதான் மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன். பேய்ப் படமாப் பாத்துக்கிட்டிருந்தா சத்தம் கேக்காம என்ன பண்ணும்? நாளைக்கே பழைய பேப்பர்காரர வரச் சொல்றேன். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்."

பயமா இருக்குங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவ்வளவுதான். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மூன்று பீரோவும் காலி.

"எனக்கென்ன பயம்? என் புத்தகத்துல கைய வச்சீங்க, அப்பறம் மூணு வேளையும் கடைச் சாப்பாடுதான்!" என்று போனை வைத்தாள்.

படியில் சத்தம். சளக்.

இன்னொரு படி. சளக்.

தான் வரைந்த பக்கத்துக்குப் பாய்ந்தாள். படிகளில் ஈரக் கால்தடங்கள். அவள் வரையாத தடங்கள். கிழித்துவிட்டால் போதும். கை தாளைப் பற்றியது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இழுத்த கோடுகள். அவள் கையால் போட்ட தையல்.

"கிழிக்க மாட்டேன்டி. போ!"

பேனாவை எடுத்தாள். திறந்த வாசல்மீதே பலகை பலகையாக மையை இழுத்தாள். கதவு. தாழ்ப்பாள்.

முதுகுக்குப் பின்னால் நிஜக் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானே விழுந்தது. படியில் சத்தம் இல்லை.

"யாருகிட்ட!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

விளக்கைக் கிட்டே இழுத்துப் படத்தைப் பார்த்தாள். மூடிய கதவு. நாற்காலியில் அவள் முதுகு. இரண்டுக்கும் நடுவே, தரையில், தண்ணீர் தேங்கியிருந்தது.

தோளுக்கு மேலிருந்து ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தது. மை கலங்கி ஓடியது.

அந்தக் கறையைப் பார்த்ததும் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பவில்லை. பேனாவையும் விடவில்லை.

"ஈரக் கையோட என் புத்தகத்தத் தொடாத. தொடச்சிட்டு வா."

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு அவள் முந்தானை பின்னாலிருந்து மெல்ல இழுபட்டது. ஈரம் முதுகில் ஏறியது. ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், அது துடைத்துக்கொண்டிருந்தது.