சர்வர் அறையில் பிச்சிப்பூ வாசம்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்ததில், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சாம்ராஜுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. நல்ல பகல்தான். ஆனால் சங்கரன்கோவிலில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வர் அறைக்கு ஜன்னலே கிடையாது.

சாவி கொடுத்த வாட்ச்மேன் ஆறுமுகச்சாமி வாசலோடு நின்றுகொண்டார்.

"உள்ள வரலியா, அண்ணாச்சி?"

"நமக்கு எதுக்கு வே? பூக்காரி போனதுலேருந்து அங்கன பிச்சிப்பூ வாசம் அடிக்கி. கம்ப்யூட்டரு பழகின ஆளு நீரு, பேயும் பழகிக்கிடும்."

பூக்காரி கனகலட்சுமி. ஒரு ஊசிமருந்து அவளுக்கு ஆகாது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அன்றைக்குப் பார்த்து வைரஸ் புகுந்து பதிவுகளைப் பூட்டிவிட்டது. தெரியாமல் ஊசி போட்டவள் நர்ஸ் மாரிசெல்வி. பூக்காரி செத்துப்போனாள்.

"அந்தப் புள்ள சார்ஜ் ஏத்த போனைச் சொருகுச்சு. அதுலதான் வைரஸ் வந்துச்சு சார்" என்று நிர்வாகத்திடம் சொன்னது சாம்ராஜ். மாரிசெல்விக்கு வேலை போனது.

உண்மை அவனுக்குத்தான் தெரியும். சர்வரில் ஓடிய டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றியபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் முகவரியில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றினான். அந்தப் பதிப்பிலிருந்து பெயருக்குப் பின்னால் ஒட்டும் வாலும் '/updates' என்பதிலிருந்து '-security' என்று மாறியிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. அப்படி ஒரு இடமே இல்லையென்று சர்வர் பெட்டி கத்தியது. தொல்லை என்று, பெட்டி அந்த வரியையே படிக்காதபடி முன்னால் # குறி போட்டு அதன் வாயை அடைத்தான். மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு மட்டும் வரவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வைரஸ் புகுந்தது.

இப்போது மாரிசெல்வி கேஸ் போட்டிருக்கிறாள். நாளைக்குப் பெட்டியைச் சோதிக்க ஆள் வருகிறது. அதற்குள் அந்த வரியைச் சரிசெய்துவிட வேண்டும்.

# குறியை அழித்தான். வாலைத் திருத்தினான். சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தான்.

# அப்படியே இருந்தது. பழைய வாலும்.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

கரண்ட் போனது. யுபிஎஸ் கொஞ்சநேரம் முனகிவிட்டு அடங்கியது. மின்விசிறிகள் நின்றன.

திரை மட்டும் அணையவில்லை.

ஈரப் பிச்சிப்பூ வாசம் மூச்சை அடைத்தது. பின்கழுத்துக்குப் பக்கத்தில் யாரோ பூக்கட்டும் நாரைக் கிழிக்கும் சத்தம்.

"ஏண்ணே, அந்தப் புள்ள என்ன செஞ்சுது?" பூக்காரியின் குரல்.

கதவில் முட்டி வெளியே விழுந்தான். ஆறுமுகச்சாமி அவன் கையையே பார்த்தார்.

"என்ன வே விரல்ல?"

ஆள்காட்டி விரலில் ஈர வாழைநார் இறுக முடிச்சிட்டிருந்தது. பல்லால் கடித்தும் அவிழவில்லை.

பைக்கை எடுத்தான். பஸ் ஸ்டாண்டு தாண்டித்தான் மாரிசெல்வியின் வீடு. அந்தத் தெருமுனையில் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டான்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய உண்மை இன்னும் பாக்கி.