முன் சீட்டில் ரூபர்ட்

டெலிபோன் அலறியது.

நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஒரே கம்பியில் ஏழு ஆட்டுப் பண்ணைகள். அதில் இந்த மணி மேவிஸ் வீட்டுக்கு.

எடுத்தாள். பக்கத்துப் பண்ணை டகல். பக்கம் என்றால் இருபது மைல்.

"மேவிஸ்... உன் வீட்டுக்காரரோட ப்ளேன் ஓடைக்குள்ள விழுந்து கிடக்கு. ரூபர்ட்... போயிட்டாரும்மா."

கம்பியில் யாரோ 'ஐயோ' என்றார்கள். டகல் இல்லை. யார் வீட்டு மணி அடித்தாலும் ஏழு வீட்டிலும் ரிசீவரை எடுப்பார்கள். எடுத்ததாக ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆஸ்திரேலியச் செம்மண் காட்டில் மனித சத்தத்துக்கு அவ்வளவு பஞ்சம்.

மேவிஸ் காரை விரட்டிக்கொண்டு போனாள்.

காய்ந்த ஓடை. கரையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது அந்தச் சின்ன விமானம். கூரை இல்லாத இரண்டு சீட்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக. முன் சீட்டில், பெல்ட் போட்டபடி ரூபர்ட். நேற்று மதியம் கிளம்பியவன். டவுனில் தங்கிவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கான்ஸ்டபிள் ஹோகன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ப்ளேன் ஓட்டுவது புது விளையாட்டு, மாசத்துக்கு ஒருத்தர் இப்படி விழுகிறார்கள், விதி என்று முனகினார்.

மேவிஸுக்கு அழுகை வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவரை நகர்த்துனீங்களா?"

"தொடவே இல்லம்மா. நாளைக்கு டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் தொடக் கூடாது."

"அப்ப இதை இவர் ஓட்டல."

"என்னது...?"

"தனியாப் போனா பின் சீட்லதான் உக்காரணும். இல்லேன்னா மூக்கு கனத்துடும். தினம் காலைல விசிறியைச் சுத்தி எஞ்சினைக் கிளப்பி விடறவ நான். எனக்குத் தெரியாதா?"

ஹோகன் விமானத்தைப் பார்த்தார். கார் மாதிரி டிரைவருக்கு முன் சீட் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்!

"இதுக்கு பிரேக்கும் கிடையாது" என்றாள் மேவிஸ். "எஞ்சினைக் கிளப்பி விட்டா ஆளே இல்லாம தரையில ஓடும். யாரோ அடிச்சுக் கொன்னுட்டு, உக்கார வெச்சு ஓட விட்டிருக்காங்க."

யாரோ என்ன யாரோ... டகல்தான்! விமானச் சத்தத்தில் சினை ஆடுகள் மிரண்டு குறைமாதத்தில் குட்டி போடுகின்றன, சுட்டு இறக்கிவிடுவேன் என்று சாராயக் கடையில் ஊரறியக் கத்தியவன் அவன். ஆனால் சாட்சி?

"சாட்சியை அவனையே கொண்டுவர வைக்கலாம்" என்றாள் மேவிஸ்.

வீட்டுக்கு வந்து எட்னாவைக் கூப்பிட்டாள்.

எட்னா ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகப் பண்ணை நடத்தும் விதவை. நேரில் பார்த்துக்கொண்டது அபூர்வம். ஆனால் ஒரு நாள் விடாமல் பேசுவார்கள். மேவிஸுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதி அந்தக் குரல்தான்.

குரல் கேட்டதும், காலையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது.

"அழாதடி... நான் இருக்கேன்ல."

மேவிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பின் சீட் விஷயத்தைச் சொன்னாள். போலீஸுக்கு இன்னும் தெரியாது, டாக்டர் வந்ததும் சொல்லப் போகிறேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றாள்.

கம்பியில் க்ளிக்... க்ளிக்... டகல் கேட்டிருப்பான்! பிணத்தைப் பின் சீட்டுக்கு மாற்ற வராமல் இருப்பானா?

மாலை வெயில் சாயும் நேரம். ஓடைக்கரை மரங்களுக்குப் பின்னால் மேவிஸும் ஹோகனும் பதுங்கியிருந்தார்கள்.

லாரிச் சத்தம்.

ஆனால் டகல் பண்ணைப் பக்கமிருந்து இல்லை. எதிர்ப்பக்கம்!

உயரமான உருவம் இறங்கியது. கால்சட்டை, முகத்தை மறைத்த தொப்பி. விமானத்தில் ஏறி, மூடியிருந்த கான்வாஸை விலக்கி, ரூபர்ட்டின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது. ஆடு தூக்கிப் பழகிய கை.

"கொஞ்சம் ஒத்துழை, ரூபர்ட்..."

தினமும் மேவிஸின் காதோடு பேசிய குரல்!

"எட்னா?"

உருவம் அப்படியே நின்றது. ஓடவில்லை. மெதுவாக இறங்கி வந்து தொப்பியைக் கழற்றியது.

"நேத்து என் வீட்டுக்கு டீ குடிக்க வந்தாருடி. பண்ணையை வித்தாச்சு, நானும் மேவிஸும் சிட்னிக்குப் போறோம்னாரு. அதைச் சொல்லிட்டு, ரெண்டாவது கேக் துண்டு வேற கேட்டாரு."

"அதுக்காகவா...?"

"நீயும் போயிட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்?"

எட்னாவிடம் அந்தச் செய்தியைச் சொல்ல மேவிஸுக்குத்தான் மனசு வரவில்லை. டவுனுக்குப் போகிற வழியில் நீங்களே இறங்கிச் சொல்லுங்கள் என்று ரூபர்ட்டை அனுப்பியது அவள்தான்.

"விசிறியை எப்படிச் சுத்தறதுன்னு போன்ல தினம் தினம் சொன்ன" என்றாள் எட்னா, குறைப்படுகிற குரலில். "எந்த சீட்டுன்னு மட்டும் சொல்லவே இல்லியேடி."

மேவிஸ் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்ததை வாய்விட்டுச் சொல்லி அழ அவளுக்கு இருந்தது ஒரே ஆள். அந்த ஆளுக்கு ஹோகன் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெயில்ல தனி ரூமா?" என்று அவரிடம் கேட்டாள் எட்னா.

"தனி ரூமா? ஒரு ரூமுக்கு நாலு பொம்பளைங்க. பொழுதன்னைக்கும் வாயே மூட மாட்டாங்க."

எட்னா தானாகவே போலீஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏன் நின்னுட்டிருக்கீங்க? வண்டியை எடுங்க."