கேன் கடையின் மீன் தொட்டி

குடிநீர் நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர் அக்கா, தம்பி வீட்டு வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கா மேடம். வாந்தி, பேதி. ஊர்ல பல பேருக்கு இதே கதிதான். நான் குளோரின் போடாம ஏமாத்திட்டேன்னு நாளைக்கு வேலையை விட்டே தூக்கப் போறாங்க. பெத்த பிள்ளைக்கே விஷம் வெச்சவன்னு காதுபடப் பேசறாங்க."

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அக்கா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தாள். ஸ்கூட்டர் ஓட்டவும் சந்தேகப்படவும் எப்போதும் தயாராக இருக்கும் அவளுடைய தம்பி அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டான். ஆளின் முழியே சரியில்லை.

"எங்க தண்ணி பிடிச்சு சோதிச்சாங்க?"

"லைன்ல கடைசிக் குழாய், கேன் தண்ணி கடையில. அங்க குளோரின் இருந்தா ஊர் முழுக்க இருக்கும்னு எப்பவும் அங்கதான் எடுப்பாங்க. குளோரின் இருந்தா, சோதனைச் சொட்டு மருந்து விட்டதும் தண்ணி மஞ்சளாகணும். ஆகலை."

"உங்க வீட்ல வேற யாருக்கு உடம்பு சரியில்ல?"

"பொண்ணுக்கு மட்டும்தான்."

அக்கா அந்த 'மட்டும்'மை மனத்தில் முடிந்துகொண்டாள்.

கேன் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். தம்பியின் சந்தேகம் உடனே அவர்மேல் தாவியது. ஊர்த் தண்ணீர் கெட்டால் கொழிப்பது இவர்தானே! ஆனால் மூலையில் இருந்த மீன் தொட்டி அவன் மனத்தை மறுபடி மாற்றியது.

"காலையிலதான் தண்ணி மாத்தினேன். இதே குழாய்ல பிடிச்சு நேரா ஊத்தினேன். பாருங்க, எப்படித் துள்ளுது!" என்றார் கடைக்காரர்.

தம்பி அக்காவின் காதைக் கடித்தான். "மாட்டினான் ஆபரேட்டர்! குளோரின் இருந்தா இதெல்லாம் செத்து மிதந்திருக்கும்."

"பாதி சரிடா. வா."

கடைக்கு வெளியே தெருக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டாள். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. உள்ளே வந்து கடைக் குழாயில் பிடித்தாள். நிறம் மாறவேயில்லை. தம்பியின் முகம் தொங்கிப்போனது. அக்கா ஆபரேட்டரையும் அவர் மனைவியையும் கடைக்கே வரவழைத்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே பைப். நடுவுல குளோரினை முழுங்கினது எது?" குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்த நீளமான உருளையைத் தட்டினாள். "கரி வடிகட்டி. இதைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

கடைக்காரருக்கு வியர்த்தது. "மருந்து வாடை வருதுன்னு எல்லாரும் குறை சொன்னாங்க, அதான் போட்டேன். வாடை வரலையே, எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்."

"கரி, குளோரினை எடுத்திடும். அப்புறம் அந்த ஈரத்துல கிருமி குடியிருக்கும். அதைத்தான் கேன்ல அடைச்சு வித்திருக்கீங்க. படுத்தவங்க எல்லாம் உங்க வாடிக்கைதானே?"

"நாங்க கேனே வாங்கறதில்லையே!" என்றார் ஆபரேட்டர்.

அக்கா அவர் மனைவியைப் பார்த்தாள். "பொண்ணுக்கு மட்டும் எந்தத் தண்ணிம்மா குடுத்தே?"

அந்தப் பெண் உடைந்து அழுதாள். "வாடை அடிக்குதுன்னு அவ குடிக்க மாட்டேன்னா. இவரு மனசு நோகுமேன்னு கேனை அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்."

ஆபரேட்டருக்குக் கோபம் வரவில்லை. வேலை போய்விடும் என்றபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"ஊருக்கே நான் குடுக்கிற தண்ணி, நம்ம பிள்ளைக்கு ஆகாதுன்னு நினைச்சிட்டியா?"

அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கூடையிலிருந்த மகளின் பாட்டிலைக் கவிழ்த்துக் கேன் தண்ணீரைக் கொட்டினாள். தெருக் குழாயில் அலசி நிரப்பி, முதலில் தானே ஒரு மடக்குக் குடித்தாள்.

"கிளம்புங்க, அவ முழிச்சிருப்பா," என்றாள்.