இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்

யாரும் தொடாமலே கைக்கருவியின் நினைவகம் குறைந்துகொண்டிருந்தது. அது மேசைமேல் மல்லாந்து கிடந்தது, அவள் கைகள் விசைப்பலகையில் இருந்தன, ஆனாலும் திரையில் காலி இடத்தைக் காட்டும் எண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பகல் மூன்று மணி. ஏசியின் இரைச்சல், எங்கோ காகிதம் கிழிபடும் சத்தம், ஆறிப்போன காபியின் வாடை. அவளுக்குப் பயம் வரவில்லை. மூன்று வாரமாக அழுகைகூட வரவில்லை.

அது அவள் கணவனின் கருவி. குளிர்கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. கதவு வெளிப்பக்கம் பூட்டிக்கொண்ட அன்று, உதவி கேட்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். தடித்த சுவருக்குள் சிக்னல் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும். ஒவ்வோர் அழுத்தலும் சர்வருக்குப் புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து தோற்றது. அந்தக் கருவிக்கு நிரல் எழுதியவள் இவள்; தோற்ற இணைப்பை மூடும் வரியை எழுதாமல் விட்டவளும் இவள்தான். ஒரே வரி. மூடாத ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம்பிடித்துக்கொள்ள, சிக்னல் வந்த நேரத்தில் கருவி மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிட்டது. மறுநாள் கதவைத் திறந்தபோது அவன் விறைத்துக் கிடந்தான்.

"பேட்டரி கோளாறுன்னு ரிப்போர்ட் போயிடுச்சும்மா. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்றார் மேலாளர், கதவருகே நின்றபடி. "ஆறு மணி ஷிஃப்ட் உள்ள போறதுக்குள்ள புது வெர்ஷன் வேணும்."

"ரெடி சார். ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன்."

விட்டுப்போன வரியை யாரிடமும் சொல்லாமல் புது வெர்ஷனில் சேர்த்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் அடுத்த வீட்டுக்காரருடையது போல் தள்ளியே இருந்தது.

அவன் கருவியிலேயே ஓட்டினாள். திறந்திருக்கும் இணைப்புகள்: 212.

மூன்று வாரம் அணைந்து கிடந்து, இன்றுதான் அவள் உயிர்ப்பித்த கருவி. ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை அழுத்தியிருக்கிறான் என்று மட்டும் புரிந்தது. புது வரி வேலை செய்தது, இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடின. 90. 40. 3. 1.

அந்த ஒன்று மூடவில்லை.

மறுபடி மூடினாள். 2. மறுபடி. 3.

பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரை அணையவில்லை. 4.

ஈர அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. கருவியின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"வாலு," என்றது. வீட்டில் அவன் மட்டும் கூப்பிடும் பேர். "இப்பவாவது எடுத்தியே."

"பேட்டரி கோளாறு இல்லங்க," என்றாள். குரல் தட்டையாக வந்தது. "நான்தான். ஒரு வரி விட்டுட்டேன்."

ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும். 5.

"நான்தாங்க."

6. 7.

சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. திரைக் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தது. அதில் ஒரு கட்டைவிரல் அழுந்தி வெளுத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு உள்ளங்கை முழுவதும்.